பச்சைக் கயிறு

அந்த மூன்று மாதத்தில் கினாசியின் கைக்கடிகாரம் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. கினாசி ஓடியது ஒன்பது. அந்த ஒன்பதிலும் ஒன்று, பஸ்ஸைப் பிடிக்க ஓடியது.

ஜகார்த்தாவில் அந்த வருஷம் ஓடாதவர்கள் மனிதர்களே இல்லை. முன்பு ஒரு வருஷம் எல்லாரும் தொட்டியில் செடி வளர்த்தார்கள். அப்புறம் எல்லாரும் மடக்கு சைக்கிள் வாங்கினார்கள். செடி காய்ந்து, சைக்கிள் துருப்பிடித்து, இப்போது ஓட்டம் வந்திருந்தது. ஓடினால் மட்டும் போதாது. எவ்வளவு தூரம், என்ன வேகம், எந்தத் தெரு என்று வரைபடத்தோடு செயலியில் போட வேண்டும். போடாத ஓட்டம் ஓட்டத்தில் சேர்த்தி இல்லை. கினாசிக்கு இருபத்தாறு வயது. முகப்பூச்சு கம்பெனி ஒன்றில் விளம்பர வாசகம் எழுதுகிறாள். ஊர் எதன் பின்னால் போகிறதோ அதன் பின்னால் போவது அவள் உத்தியோகத்தில் பாதி. அவளும் ‘புதன்கிழமைக் கால்கள்’ என்ற ஓட்டக்குழுவில் சேர்ந்தாள்.

முதல் வாரம் செனயான் மைதானத்தைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் ஓடி, அதை வெள்ளை மனதோடு செயலியில் போட்டாள். கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிடம். குழுவில் ஒருவன் கீழே எழுதினான்: “வழியில கடைக்குப் போயிட்டு வந்தியா?” அதற்குக் கீழே பதினோரு சிரிப்பு முகங்கள். கினாசி அந்தப் பதினொன்றையும் யார் யார் என்று தனித்தனியாகத் திறந்து பார்த்தாள். 

காசுக்குப் பிறர் பெயரில் பரீட்சை எழுதும் ஜாக்கி, கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடும் ஜாக்கி எல்லாம் ஏற்கனவே இருந்த ஊர் அது. ஓட்டத்துக்கும் ஜாக்கி வந்திருந்தார்கள். கால் அவர்களுடையது, பெயர் நம்முடையது. கினாசிக்கு அதற்கு இணையத்தில் அலையக்கூட வேண்டியிருக்கவில்லை. அவள் அறை எடுத்துத் தங்கியிருந்த சந்தின் முனையில் எடை போட்டுத் துணி வெளுக்கும் கடை ஒன்று உண்டு. அங்கே வேலை பார்த்த மெனிக், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓட்டத்தில் மாகாண அளவில் மூன்றாவதாக வந்தவள். கடை ஏழு மணிக்குத் திறக்கும். மெனிக் ஐந்து மணிக்கே ஓடப் போவாள். எப்படியும் ஓடுகிற கால், கூட ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடட்டுமே என்றாள் கினாசி. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டார்கள்.

“என்ன வேகம் வேணும்க்கா?” என்று மெனிக் கேட்டாள். எவ்வளவு காரம் வேண்டும் என்று கேட்பதுபோல.

ஐந்தே முக்கால் நிமிடம் என்று முடிவாயிற்று. பொறாமைப்படும் அளவுக்கு வேகம், சந்தேகப்படும் அளவுக்கு இல்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கினாசியின் புளுகுக்கு நல்ல கால்கள் வாய்த்திருந்தன. மூன்று மாதம் போயிற்று. தினமும் காலையில் கடிகாரம் வெதுவெதுப்பாக, வாரில் உப்புப் பூத்துத் திரும்பி வரும். அவள் அதைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டிக்கொள்வாள். சீக்கிரமே தானும் உண்மையாக ஓட ஆரம்பித்து, இந்தக் கணக்கை எட்டிப் பிடித்துவிடப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். புதன்கிழமைகளில் ஓட்டம் முடியும் நேரமாகப் பார்த்துப் போய், காலையிலேயே ஓடிவிட்டதாகச் சொல்லிப் பனைவெல்லக் காப்பியை மட்டும் குடித்துவிட்டு வருவாள். யாரும் கேள்வி கேட்கவில்லை. வரைபடம் சாட்சி சொன்னது.

அப்படி ஒரு புதன்கிழமைதான் குழுத்தலைவன் ஹனுங் ஐஸ் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு குழுவின் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். அதில் பார்வையற்ற ஓட்டக்காரர்கள் நான்கு பேர் ஓடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை வேண்டும். இரண்டு பேர் கையிலும் ஒரு சின்னக் கயிறு. துணைக்கு வருபவர் வழி சொல்லிக்கொண்டே கூட ஓட வேண்டும். மூன்று பேருக்கு ஆள் கிடைத்துவிட்டது. நான்காமவர் மிக்கோ. வங்கியொன்றின் தொலைபேசிப் பிரிவில் வேலை, முப்பது வயது, ஓரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஓர் ஆசை: பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓட வேண்டும். போன வருஷம் நாற்பது விநாடியில் தவறிவிட்டது.

எப்படித் தவறியது என்பதை ஹனுங் சொன்னபோது எல்லாருக்கும் தலை குனிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுதிர்மான் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஓரம் முழுக்கப் படம் எடுப்பவர்கள் குந்தியிருப்பார்கள். ஓடி முடித்தவர் தன் முகத்தைச் செயலியில் காட்டினால், அது ஆயிரம் படங்களில் அவரைத் தேடிக் கொடுக்கும், பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். போன வருஷம் மிக்கோவுக்குத் துணையாக ஓடியவன், கேமராவைக் கண்ட இடத்திலெல்லாம் வேகத்தைக் குறைத்து, மார்பை நிமிர்த்தி, இரண்டு விரல் காட்டியிருக்கிறான். ஏன் வேகம் குறைகிறது என்று மிக்கோவுக்குப் புரியவே இல்லை. வழியில் கூட்டம் என்று சொல்லிவிட்டான்.

“அதனால இந்தத் தடவை நானே தேடினேன்,” என்றான் ஹனுங். “எல்லாருடைய கணக்கையும் பார்த்தேன். மூணு மாசம், ஒரே வேகம், ஒருநாள் விடாம. ஆனா ஒரு படம்கூட இல்ல. ஒண்ணுகூட இல்லைங்க. நம்ம குழுவுலேயே காட்டுறதுக்காக ஓடாம, ஓடுறதுக்காக ஓடுற ஒரே ஆளு நம்ம கினாசிதான்.”

கைதட்டினார்கள். பதினொரு சிரிப்பு முகங்களும் சேர்ந்து தட்டின. கினாசி அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தாள். கணுக்கால் கொஞ்சம் வலி, அலுவலகத்தில் வேலை அதிகம், தன்னைவிட நன்றாக ஓடுபவர்கள் இருக்கிறார்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். எல்லாம் அடக்கமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. மிக்கோ குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

“தினமும் காலைல என் போன் வாசிக்கும்,” என்றார். “‘கினாசி, நான்கு கிலோமீட்டர், ஐந்து நாற்பத்தாறு.’ அதைக் கேட்டப்புறம் எனக்குப் படுத்திருக்க மனசு வராது. எந்திரிச்சு எங்க மொட்டை மாடில ஓட ஆரம்பிச்சிடுவேன். நீங்க வரேன்னு சொன்னா எனக்கு அதுவே போதும்.”

வரேன் என்று சொல்லிவிட்டாள். இல்லை என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

மறுநாளே கினாசி உண்மையாக ஓட ஆரம்பித்தாள். நான்கு வாரத்தில் முந்நூறு கிலோமீட்டரைக் காலுக்குள் ஏற்றிவிட முடியுமா? இரண்டு கிலோமீட்டர் வரை எப்படியோ ஐந்தே முக்காலில் இழுத்துக்கொண்டு போவாள். அதற்கு மேல் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், விலாவில் குத்தும், நின்றுவிடுவாள். கடிகாரத்தை மட்டும் வழக்கம்போல் மெனிக்கிடம் கொடுத்துவிட்டு, தான் வெறுங்கையோடு வேறு தெருவில் ஓடினாள். இப்போது நிறுத்தினால் சந்தேகம் வந்துவிடும் அல்லவா? ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்றுக்குத் தீனி போட வேண்டியிருந்தது.

முதல் பயிற்சிக்கு மிக்கோ கயிறு கேட்டிருந்தார். வாங்கும்போது பச்சையாகப் பார்த்து வாங்கச் சொன்னார். சுராபாயாவில் பிறந்தவனுக்குக் கால்பந்து என்றாலே ஊர் அணியின் பச்சைதான், பதின்மூன்று வயதில் பார்வை போகும் வரை தன்னிடம் இருந்த சட்டைகளில் பாதி பச்சை என்று சிரித்தார். கினாசி மூன்று கடை ஏறி இறங்கினாள். ஆரஞ்சு, கறுப்பு, நீலம் எல்லாம் கிடைத்தன. நான்காவது கடையில் வாழைக்குருத்துப் பச்சையில் ஒரு கயிறு இருந்தது. அதைக் கையில் கொடுத்தபோது அவர் விரலால் தடவிப் பார்த்து, “பச்சைதானே?” என்றார். பச்சைதான், வாழைக்குருத்து மாதிரி என்றாள். அவர் அதைக் கன்னத்தில் ஒரு முறை வைத்துக்கொண்டார். அவள் அவரிடம் சொன்ன முதல் உண்மை அது.

வழி சொல்வதில் கினாசி கெட்டிக்காரியாக இருந்தாள். வாசகம் எழுதிப் பழகிய வாய். மேடு வருகிறது, இடது பக்கம் ஒரு குண்டு நாய் முறைக்கிறது, முன்னால் மூன்று பெண்கள் ரோட்டைக் குத்தகைக்கு எடுத்த மாதிரி போகிறார்கள், வலது பக்கமாகத் தாண்டுவோம் என்று அவள் சொல்லச் சொல்ல மிக்கோ சிரித்துக்கொண்டே ஓடினார். இதுவரை வந்த எல்லாத் துணைகளும் இடது, வலது என்று மட்டும் சொன்னார்களாம். ரோட்டில் என்ன நடக்கிறது என்று இவள்தான் சொல்கிறாளாம். இரண்டு கிலோமீட்டர் அப்படிப் போயிற்று. மூன்றாவதில் அவளுக்கு மூச்சு முட்டியது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். கினாசிக்குக் கணுக்கால் கோணல். மிக்கோ பதறிப்போனார். ஓட்டத்தன்று வரை இனி ஓட்டப் பயிற்சியே வேண்டாம், கால் ஆறட்டும், நடந்தபடியே கயிற்றைப் பழகுவோம் என்றார். மறுநாள் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் அவள் அறைக்கு மிக்கோ அனுப்பிய ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே இஞ்சித் தைலம், கணுக்காலுக்குப் போடும் உறை. அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு கினாசி அழுதாள். நோகாத காலுக்குத் தைலம் போடவும் முடியவில்லை, தூர எறியவும் முடியவில்லை. அடுத்த பயிற்சியில் உறையைப் போட்டுக்கொண்டு போனாள். பார்வையில்லாதவர் முன்னால் போய் நிற்க, இல்லாத வலிக்கு உறை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். அதற்கு யாரும் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை.

சொல்லிவிடலாம் என்று செய்தி எழுதினாள், அழித்தாள். ஹனுங்குக்கு எழுதினாள், அழித்தாள். கடைசி வாரம் சலவைக் கடைக்குப் போய், மிக்கோ தினமும் காலையில் அந்த ஓட்டக் கணக்கைக் கேட்டு எழுவது உட்பட எல்லாவற்றையும் மெனிக்கிடம் சொன்னாள். தன் இடத்தில் மெனிக் ஓட வேண்டும். அவருக்குத்தான் கண் தெரியாதே, அதிகம் பேசாமல் ஓடினால் போதும் என்று சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குத் தன் வார்த்தை நாறியது.

மெனிக் சலவைத் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை.

“நான் வரேங்க்கா. கூலிகூட வேணாம். ஆனா அவர்கிட்ட என் பேரு மெனிக்னு சொல்லிட்டுத்தான் கயித்தைப் பிடிப்பேன். சொல்ல விடுவீங்களா?”

கினாசி தன் கைக்கடிகாரத்தைத் திருகினாள்.

“உங்க கடிகாரத்தை நான் கட்டிக்கிட்டு ஓடினா அது உங்களுக்கும் ஊருக்கும் உள்ள விஷயம். ஒரு மனுஷன் கை என் கையில இருக்கும்போது நான் வேற ஆளு மாதிரி ஓட முடியாது. எனக்கு அந்த ஞாயிறு வேற ரெண்டு பேரு கடிகாரம் இருக்கு. நல்லவேளை, ரெண்டு பேருக்கும் ஒரே வேகம்,” என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் குழுவோடு உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடும்போதாவது சொல்லியிருக்கலாம். மிக்கோ பக்கத்தில்தான் இருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். தேவலை என்றாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சுதிர்மான் சாலை பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருந்தது. மிக்கோ பச்சைச் சட்டை போட்டிருந்தார். கயிற்றின் ஒரு வளையம் அவர் கையில், இன்னொன்று அவள் கையில். மணி அடித்ததும் கிளம்பினார்கள். பயமா, வெறியா தெரியவில்லை, கால் தானாகப் போயிற்று. முதல் கிலோமீட்டர் ஐந்து ஐம்பத்தைந்து. இரண்டாவதும் அப்படியே. படம் எடுப்பவர்களை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நாய், நீர்க்குட்டை, தள்ளுவண்டி என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒரு நிமிடம் அவளுக்கே நம்பிக்கை வந்தது. இந்த ஒரு தடவை மட்டும் முடிந்துவிட்டால், இனி வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்வதில்லை என்று வேண்டிக்கொண்டாள்.

இரண்டரைக் கிலோமீட்டரில் வார்த்தை நின்றுவிட்டது. வழி சொன்னால் மூச்சு இல்லை, மூச்சு விட்டால் வழி இல்லை. அவர்கள் வேகம் நடைக்குக் கொஞ்சம் மேலே என்று ஆயிற்று. கயிறு பின்னால் இழுத்தது. மிக்கோ அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் தலை அவள் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

“கினாசி,” என்றார். “இது மூணு மாசம் ஓடின மூச்சு இல்லையே.”

கணுக்கால் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை.

“நான் ஓடலண்ணா,” என்றாள். “ஒருநாள்கூட ஓடல. ஆள் வச்சு ஓட வச்சேன். எங்க சந்துல துணி வெளுக்கற கடைல இருக்கற பொண்ணு. எனக்குக் கால்ல ஒண்ணும் இல்ல.”

அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பக்கமும் விலகி ஓடினார்கள். அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“அப்போ தினமும் காலைல நான் யாரைக் கேட்டு எந்திரிச்சேன்?” என்றார்.

அவள் அழுதுகொண்டே ஓடுபவர்களைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள். இவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இன்னும் நேரம் இருக்கிறது, யாராவது இந்தக் கயிற்றைப் பிடியுங்கள் என்று கெஞ்சினாள். அவரவர் கடிகாரம் அவரவருக்கு. ஒருவர் பாவம் என்று பார்த்துக்கொண்டே தாண்டினார், ஒருவர் காதில் பாட்டு. ஒன்றரை நிமிடம் போயிற்று. அப்போது இரண்டு கையிலும் இரண்டு கடிகாரத்தோடு மெனிக் வந்தாள்.

மெனிக் எதுவும் கேட்கவில்லை. கினாசியின் முகத்தையும் கயிற்றையும் பார்த்தாள், நின்றாள்.

“அண்ணா, என் பேரு மெனிக்,” என்றாள். “நீங்க காலைல கேட்டது என் ஓட்டம்தான். பேச எனக்கு வராது. ஓடலாமா?”

மிக்கோ அவள் குரல் பக்கமாகக் காதைச் சாய்த்து, தலையாட்டினார். கினாசி தன் கையிலிருந்து கயிற்றின் வளையத்தைக் கழற்றி மெனிக்கிடம் கொடுத்தாள். அவர்கள் போன வேகத்தைப் பார்த்தபோதுதான் அவர் உண்மையில் எப்படி ஓடக்கூடியவர் என்று அவளுக்குத் தெரிந்தது. தன்னோடு வந்த மூன்று கிலோமீட்டரும் அவர் தன்னை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஓரமாக நடந்து குறுக்கு வழியில் முடிவுக் கோட்டுக்குப் போய் நின்றாள். மணி நேரத்தைக் காட்டும் பலகையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பச்சைச் சட்டை வளைவில் தெரிந்தபோது ஐம்பத்தொன்பது நிமிடம் இருபது விநாடி. கூட்டமே கத்தியது.  அவர் கோட்டைத் தொட்டபோது பலகை ஒரு மணி நேரம் பத்தொன்பது விநாடி என்றது.

ஹனுங் வந்தான். என்ன நடந்தது என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்.  தண்ணீர் பாட்டிலைக் கினாசியைத் தாண்டி மிக்கோவிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டான். மெனிக் தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆறரை நிமிட வேகம் கேட்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் வீட்டில் படுத்துத் தூங்கியபடியே அன்று சாதனை படைத்திருந்தார்கள்.

மிக்கோ நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும். கயிறு இன்னும் அவர் கையில்தான் சுற்றியிருந்தது. கினாசி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்து வந்த வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். விளம்பர வாசகம் எழுதுகிறவள். வார்த்தைகள் கோர்வையாகத்தான் வந்தன. பாதியில் அவளே நிறுத்திக்கொண்டாள்.

அவர் கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்தார்.

“போன வருஷம் நாப்பது. இந்த வருஷம் பத்தொன்பது,” என்றார். “பரவாயில்ல. கால் என்னுது, அடுத்த வருஷமும் இருக்கும்.”

அவர் குரலில் கோபம் இல்லை. வங்கியில் தெரியாத வாடிக்கையாளரிடம் பேசும் குரல் அது. முதல் தடவையாக அந்தக் குரலை அவள் கேட்டாள்.

“ஒண்ணு கேக்கலாமா, கினாசி?” என்று அவர் கயிற்றைக் கையில் பிரித்தார். “இது பச்சைதானா?”

அவள் கயிற்றைப் பார்த்தாள். வாழைக்குருத்துப் பச்சை. நாலு கடை ஏறி இறங்கி வாங்கியது. அதைவிடப் பச்சையாக அந்தச் சாலையில் எதுவும் இல்லை.

“பச்சைதாண்ணா,” என்றாள். “சத்தியமா பச்சைதான்.”

“ம்,” என்றார் மிக்கோ. “மெனிக்கும் அப்படித்தான் சொன்னாங்க.”